வானம் தோண்டுவதற்கு முன்னால்

எங்கள் ஊர் பால்வாடிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது என்று சொன்னதும் ஆளாளுக்குக் கேட்டது ஒன்றுதான், திறப்பு விழா எப்போது? அப்போது எங்கள் கையில் இடமே இல்லை. போர்டில் குழந்தைகள் மையம் என்று எழுதியிருக்கும், காகிதத்தில் அங்கன்வாடி என்று வரும், ஊர் வாயில் அது பால்வாடி, நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. 2020லிருந்து ஐந்து வருடம் நான் அங்கே வார்டு உறுப்பினராக இருந்தேன். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்ததால் கிடைத்த வாய்ப்பு, அதை ஒளிக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் கூட்டத்துக்குப் போனால் "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் இருந்தார், அதனால் நானே பேசவேண்டியதாகிப்போனது.

பழைய கட்டடத்தில் நானும் உட்கார்ந்து படித்திருக்கிறேன், படித்தேன் என்பதைவிடச் சாப்பிட்டுத் தூங்கினேன் என்பது சரி. 1982ல் எம்ஜிஆர் சத்துணவைத் தொடங்கியபோது வந்தது எங்கள் பால்வாடி. கட்டடம் அதற்குச் சில வருடம் கழித்து. ஒரு ஹால், ஒரு ஓரத்தில் அடுப்பு, அவ்வளவுதான். என் மகன் அங்கே போன காலத்தில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது, ஆயாம்மா அந்த இடத்துக்கு நேர் கீழே மட்டும் பாய் விரிக்க மாட்டார். வருடா வருடம் வெள்ளை அடித்தார்கள், கம்பிக்கும் சேர்த்து அடித்தார்கள். அப்புறம் 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்க இடிந்து விழும் நிலையில் இருந்த கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். எங்கள் பால்வாடியும் அந்தப் பட்டியலில் ஏறியது. மூன்று பிள்ளைகள் சாகும்வரை எங்கள் கம்பி யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான், நானும் அந்த வாசலில் நின்று வெள்ளை அடித்ததைப் பார்த்தவள்.

இடிப்பது சுலபம், ஒரு நாள் வேலை. அன்று சாயங்காலம்தான் நாளைக்குப் பிள்ளைகள் எங்கே உட்காரும் என்று எங்களுக்கே தோன்றியது. சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்தோம். கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று முகூர்த்த நாள் வந்தால் பிள்ளைகளுக்கு லீவு. கல்யாணம் முடிந்த மறுநாள் எச்சில் இலை நாற்றத்தில் டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு மாதம் தாங்கியது. அதற்கப்புறம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம், திண்ணையும் ஒரு அறையும். கழிப்பறை வீட்டுக்காரர்களுடையது, பிள்ளைகள் போகக்கூடாது. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எடை மெஷின், பதிவேடுகள், சத்துமாவு மூட்டை எல்லாம் ஒரே மூலையில், அதன் மேலேயே எலி ஓடும். பதிவேட்டில் 27 பிள்ளைகள், வருகிறவர்கள் 11 பேர். காசு கொஞ்சம் புழங்குகிற வீட்டுக்காரர்கள் எல்கேஜி வேனுக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சமிருந்த 11 பேருக்கு வேறு போக்கு இல்லை. புதுக் கட்டடத்துக்கு முன்தயாரிப்பு என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன், கட்டி முடிக்கிற வரைக்கும் பிள்ளைகள் எங்கே இருக்கும் என்பதை எழுதி வைத்துவிட்டு அப்புறம் இடியுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த வாடகை வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது.

பணம் இதில் பெரிய தடையாக இருக்கவில்லை. ஒன்றிய அரசின் அப்போதைய வழிகாட்டுதல்படி ஒரு மையத்துக்கு 12 லட்சம், அதில் 8 லட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து, 2 லட்சம் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்திலிருந்து, 2 லட்சம் குழந்தை வளர்ச்சித் துறையிலிருந்து. மூன்று பை, மூன்று கணக்கு. குறைந்தது 600 சதுர அடி, பிள்ளைகள் உட்கார ஹால், தனிச் சமையலறை, பொருள் வைக்க அறை, பிள்ளைகளுக்கான கழிப்பறை, தண்ணீர், விளையாடக் கொஞ்சம் வெளி. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. எந்த ஊரில், எந்தத் தெருவில் என்பதை மட்டும் அரசாங்கம் எழுதாது, அதை ஊர்தான் எழுதவேண்டும், ஊர் அதை எப்படி எழுதும் என்பது ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

முதலில் வந்தது ஒரு தானம். மேலத்தெரு அண்ணாச்சி ஒருவர் ஊருக்கு மேற்கே 5 சென்ட் எழுதிக்கொடுக்கிறேன் என்றார். வாசலில் அவர் அப்பா பெயரில் ஒரு வளைவு வைக்கவேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. 2023 ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம், கைதட்டினோம். அந்த இடத்துக்கும் காலனிக்கும் நடுவில் பஸ் ரோடு இருக்கிறது. பதினொரு பேரில் ஏழு பேர் காலனிப் பிள்ளைகள். மூன்று வயதுப் பிள்ளை பஸ் ரோட்டைத் தாண்டி ஊருக்குள் நுழைந்து மேலத்தெரு வழியாக நடந்து போகவேண்டும், தினமும், அந்தத் தெருவில் அவர்களுடைய தாத்தாமார் எப்படி நடந்தார்கள் என்பது இன்னும் பலருக்கு நினைவிருக்கிற ஊரில். எனக்கு இது தெரியும். அன்றைக்குக் கையெழுத்துப் போடும்போதும் தெரியும். இலவசமாக வருகிற இடம், வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று கம்மென்று இருந்தேன்.

ஆயாம்மா மட்டும் கூட்டம் முடிந்து வரும்போது என் சேலை முந்தானையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார், "ஏ தாயி, அது ஓடைத் தண்ணி வார எடம்லா? எங்கய்யா காலத்துல அங்க நாத்துப் பாவ மாட்டாங்களே." நான் ஓடை இப்போது எங்கே வருகிறது, தூர்ந்து எத்தனை காலமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊர் கடற்கரையிலிருந்து தள்ளி இருந்தாலும் நல்ல அடி. மழை வெறித்த பிறகு போய்ப் பார்த்தால் அண்ணாச்சியின் 5 சென்ட் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. தூர்ந்துபோன ஓடை அதே பழைய தடத்தில், ஒரு கோடு பிசகாமல், வந்து போயிருந்தது. அந்த இடத்துக்கு அதற்கு முந்தின மாதமே தானப் பத்திரம் பதிந்திருக்கவேண்டும், கூட்டுப் பட்டாவில் அண்ணாச்சியின் தம்பி கையெழுத்துப் போட வராததால் தள்ளிப்போயிருந்தது. அண்ணன் தம்பிச் சண்டை எங்களைக் காப்பாற்றியது. அண்ணாச்சிக்கு மனவருத்தம்தான், ஆனால் தண்ணீரை அவரும் வந்து பார்த்தார், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இரண்டாவது இடம் நத்தம் புறம்போக்கு, குடியிருப்புக்கென்று விட்ட அரசு நிலம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பஸ் ரோட்டுக்குக் காலனிப் பக்கமாக. மேடான இடம், அந்த மழையிலும் தண்ணீர் நிற்கவில்லை. சீமைக்கருவேலம் அடைந்து கிடந்தது. ஒரு பாழுங்கிணறு, இரண்டு சோளத்தட்டைப் படப்பு, ஒரு குப்பைமேடு, இவைதான் அங்கே குடியிருந்தவை. படப்பு இரண்டும் என் பெரியப்பா முறை உள்ள ஒருவருடையது, அவரிடம் பேச என்னைத்தான் அனுப்பினார்கள், சொந்தக்காரி பேசினால் கேட்பார் என்று. "எங்கய்யா வச்ச படப்பு தாயி இது" என்றார். அய்யா வைத்த படப்பு எப்படி இத்தனை வருடம் மாடு தின்னாமல் இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மூன்று முறை போனேன். நான்காவது முறை அவரே வண்டி பூட்டி ஏற்றிக்கொண்டிருந்தார், அவர் மகள்வழிப் பேரன் அந்தப் பதினொரு பேரில் ஒருவன்.

ஊருக்குள்ளிருந்து வந்த எதிர்ப்பு வேறு மாதிரி. நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். "அந்தப் பக்கம் பாம்பு இருக்கும்", "ராத்திரி குடிக்கிறவன் வந்து உட்காருவான்", "பிள்ளைக ரோட்டைத் தாண்டணுமே." மேற்கே இடம் பார்த்தபோது காலனிப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டுவது யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான் அப்போது வாய் வரவில்லை என்பதால் ரொம்பவும் ஏச முடியவில்லை. கணக்கு மட்டும் சொன்னேன், ஏழு பேர் தாண்டுவதா நான்கு பேர் தாண்டுவதா? ரோட்டில் வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்தோம். 2024 ஜனவரி 26 கிராம சபையில் புதுத் தீர்மானம். இரண்டு குடும்பம் அன்றோடு வேனுக்குப் போய்விட்டது, இன்றுவரை திரும்பவில்லை.

காகித வேலையைப் பற்றி நிறையச் சொல்ல ஆசைதான், படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். ஒன்று மட்டும். புறம்போக்கு என்றால் எல்லாம் ஒன்றில்லை. ஓடைப் புறம்போக்கு, குளத்துப் புறம்போக்கு என்றால் அதில் கட்டக்கூடாது, மாடு மேய விட்ட மேய்க்கால் என்றால் வேறு வழி, நத்தம் என்றால்தான் கொஞ்சம் சுலபம். அது எது என்று நம் வாய் சொல்லக்கூடாது, விஏஓ வைத்திருக்கும் அ-பதிவேடு சொல்லவேண்டும். சர்வேயர் வந்து புல வரைபடத்தோடு அளந்து கல் நட்டார், நடும்போது கூட நின்று நான்கு மூலையையும் போனில் படம் எடுத்து வைத்தேன். கல் நடக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஒரே ராத்திரியில் அரை அடி நடந்த கல்லை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் கூடிவந்தது, 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள். நடத்தை விதி வந்தால் புது வேலை தொடங்கக்கூடாது. ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை, அதுவரைக்கும் கோப்பு பீரோவில். கோடை முழுக்க, கரிசல் காடு காய்ந்து வேலை செய்யத் தோதாகக் கிடந்த மூன்று மாதமும், அப்படியே போனது.

கோபமாக இருந்தது, ஆனால் அந்தக் கோடையில்தான் மண்ணை ஒழுங்காகப் பார்த்தோம். கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதிலிருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்கிற களி செய்கிற வேலை என்று எங்கள் பொறியாளர் சொன்னார். எங்கள் ஆட்களுக்குப் பெயர் தெரியாது, சித்திரை மாசம் நிலம் வாய் பிளந்து கிடக்கும்போது சாட்டைக்கம்பை விட்டால் முழுசாக உள்ளே போகும் என்று தெரியும். எங்கள் ஊரில் எந்தக் காரை வீட்டுக்குப் போனாலும் கதவுக்கு மேல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல் இருக்கும், மழைக்காலத்தில் மூடும், கோடையில் திறக்கும், காலண்டர் மாதிரி. ஆனால் அரசாங்கத்தின் மாதிரி வரைபடம் செம்மண்ணுக்கும் மணலுக்கும் கரிசலுக்கும் ஒன்றுதான். அஸ்திவாரத்துக்கு அதில் போட்டிருந்த ஆழம் எங்கள் மண்ணுக்குக் காணாது.

பொறியாளர் சின்ன வயசுப் பையன், நல்லவன். "அக்கா, எஸ்டிமேட்டை மாத்தணும்னா காரணம் காட்டணும்" என்றான். சரி, காட்டுவோம் என்று மூன்று இடத்தில் குழி போட்டோம், ஆள் நின்று கையால் தோண்டியதுதான். முதல் குழியில் நாலரை அடி, இரண்டாவதில் ஐந்தரை, கிணற்றுப் பக்கம் போட்டதில் ஆறு அடி கரிசல். அதற்குக் கீழே சுக்கான். வெள்ளையாக, கம்பி போட்டால் டங்கென்று சத்தம் வருகிற மண், எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் சுக்கானைக் கண்டால்தான் கும்பிடுவார்கள். சுக்கான் இன்னும் ஆழத்தில் இருந்திருந்தால் அடியில் குமிழ் மாதிரி அகன்ற தூண்களை இறக்கவேண்டியிருக்கும். கரிசல் மண்ணுக்கென்றே ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மேம்படுத்திய முறையாம் அது. செலவு நமக்குக் கட்டாது. ஆறடிக்குள் சுக்கான் கிடைத்ததால் அதுவரைக்கும் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டி, அதன்மேல் ஏற்றிக்கொண்டு வந்து, தரைமட்டத்தில் சுற்றிலும் கம்பி போட்டு பீம் கட்டிவிடுவது என்று முடிவானது. தரைக்குக் கீழே இருக்கிற கரிசலையும் மூன்று அடி வாரி எறிந்துவிட்டு சரள் அடித்து, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்துக் கெட்டியாக்கவேண்டும், இல்லையென்றால் சுவர் நிற்கும், தரை மட்டும் பொங்கும். கிணற்றை ஒட்டி வைத்திருந்த கழிப்பறையை எதிர்மூலைக்கு மாற்றினோம்.

ஒரு வேப்ப மரம் இருந்தது, நிழலுக்கு ஆகும் என்று ஆயாம்மா ஒட்டிக் கட்டச் சொன்னார். பொறியாளர் கூடாது என்றார், மரம் தண்ணீரை உறிஞ்சினால் அந்தப் பக்கத்து மண் மட்டும் சுருங்கும், சுவர் அங்கே இறங்கும், மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவாவது தள்ளி இருக்கவேண்டும். அரை மணி நேரம் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் கட்டடத்தைத் தள்ளிவைத்து, மரத்தடியைப் பிள்ளைகள் விளையாடும் இடம் என்று குறித்தோம். இரண்டு பேருமே தாங்கள் ஜெயித்ததாகத்தான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. தீர்மானம், பட்டா, எஸ்டிமேட் என்று மாதக்கணக்கில் அலைந்தோம், அங்கே தினமும் ஏழு மணி நேரம் இருக்கப்போகிற இரண்டு பெண்களிடம் ஒரு தடவைகூட வரைபடத்தைக் காட்டவில்லை. டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் ஒரு சாயங்காலம் அதை விரித்துக் காட்டினேன். டீச்சர் ஒரு நோட்டை எடுத்துவந்து எழுத ஆரம்பித்தார், ஆயாம்மாவுக்கு வரைபடம் புரியவில்லை, அதனால் குச்சியால் மண்ணில் போட்டுக் காட்டினேன். பார்த்த உடனே கேட்டார், "அடுப்புகிட்ட நின்னா புள்ளைக தெரியுமா?" தெரியாது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் மூடிய சுவர். டீச்சர் மீட்டிங்குக்குப் போகிற நாளில் ஆயாம்மா ஒருவர்தான், சோறும் பொங்கவேண்டும் பிள்ளைகளையும் பார்க்கவேண்டும். அந்தச் சுவரில், அவர் நின்றால் கண்ணுக்கு நேராக, ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னோம். அதைச் சொல்லும்போதே கும்பகோணம் ஞாபகம் வந்தது, 2004 ஜூலை 16, மதியச் சமையல் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ கீற்றுக்கொட்டகைக்குப் பரவி 94 பிள்ளைகள். அதனால் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே கம்பிக்கூண்டில் வைப்பது, சமையலறைக்குப் பிள்ளைகள் நுழைய முடியாதபடி அரைக்கதவு, ஹாலுக்கு இரண்டாவதாக ஒரு வாசல், இரண்டு கதவும் வெளிப்பக்கம் திறக்கவேண்டும். கதவுச் செலவு கூடுகிறதே என்று தலைவர் இழுத்தார். கும்பகோணம் என்று ஒரு வார்த்தை சொன்னேன், அதற்குமேல் அவர் பேசவில்லை.

டீச்சரின் நோட்டில் இருந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயம். பழைய கட்டடத்தில் ஒரு பையன் கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுது, கதவை உடைத்திருக்கிறார்கள், அதனால் பிள்ளைகள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளே வேண்டாம். ஸ்விட்ச் போர்டு எட்டாத உயரத்தில். படி உயரம் குறைவாக. கைகழுவும் தொட்டி எந்த உயரத்தில் என்று கொத்தனார் கேட்டபோது டீச்சர் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்தார், மூன்று வயதுப் பிள்ளைகளின் உயரம் 88லிருந்து 96 சென்டிமீட்டர் வரை மாதவாரியாக அதில் இருந்தது. மேலே அனுப்பத்தான் அந்தப் பதிவேடு, போன் ஆப்பிலும் ஏற்றியாகவேண்டும், அதை வைத்து ஒரு தொட்டி கட்டலாம் என்று யாரும் யோசித்ததில்லை. ஆளிலேயே குட்டையான பிள்ளையை நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, வாடகை வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டோம். வீட்டுக்காரம்மா சுவர் அழுக்காகிறது என்று சத்தம் போட்டார்.

ஜூலையில் வேலை உத்தரவு வந்தது, ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் வானம் தோண்டுவார்கள்? ஆவணி முதல் வாரத்தில் நாள் குறித்தால் பெரிய மனிதர்களுக்குத் தேதி ஒத்துவரவில்லை, இன்னொரு வாரம். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது, அதற்குள் தரைமட்டத்துக்கு மேலே எழும்பியாகவேண்டும் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மெஷின் கூடாது, ஆள்தான் தோண்டவேண்டும், ஆறடி கையால். கருவேலத்தை வெட்டித் தூரோடு பிடுங்கியதும் எங்கள் ஊர்ப் பெண்கள்தான், கையெல்லாம் முள்.

தோண்டுவதற்கு முந்தின நாள் கொத்தனார் நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முடித்திருந்தார். சும்மா காட்டலாம் என்று டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்தார், அன்றைக்கு ஒன்பது பேர். வாசலுக்கு விட்டிருந்த இடைவெளிக்கு வெளியே ஒன்பது பேரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள், சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஒருத்தி வேப்ப மரத்தைப் பார்த்து ஓடினாள். பெரியப்பாவின் பேரன் மட்டும் மூலையில் சின்னதாகக் கோடு போட்டிருந்த கட்டத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டு வரும் என்று காத்திருந்தான். ஆயாம்மா தூரத்திலிருந்தே கத்தினார், "ஏலே, எந்திரில, அது கக்கூஸ்ல!"